பாயிரமும் இணையத்தளமும்: சிற்றூர் ஆவணத் தளங்களுக்கான உள்ளடக்கத் திட்டமிடல் – சோரியாங்குப்பத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஊர் வரலாற்றையும் வழக்காறுகளையும் இணையத்தில் ஆவணப்படுத்தும் முயற்சிகள் தமிழில் பெருகி வருகின்றன. அவற்றுள் பல, தளத்தின் தோற்றத்தை முதலில் அமைத்துக்கொண்டு, அதனுள் இடவேண்டிய செய்திகளைப் பின்னர்த் தேடுகின்றன. இம்முறை வெற்றுப் பக்கங்களுக்கும் மூலம் அறியப்படாத செய்திகளுக்கும் இடமளிக்கிறது. இணையத்தளம் ஒன்றின் உள்ளடக்கத்தைத் திட்டமிடுதல் தொழில்நுட்பப் பணிக்கு முற்பட்ட ஆய்வுப் பணி என்பதே இக்கட்டுரையின் கருத்து. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிரத்தின் பதினொரு கூறுகள் இத்திட்டமிடலுக்கு ஏற்ற சட்டகமாக அமைவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. புதுச்சேரி மாநிலம், பாகூர்க் கொம்யூனைச் சார்ந்த சோரியாங்குப்பம் என்னும் சிற்றூருக்கு ஆவணத் தளம் ஒன்று அமைக்கப்படுமாயின் எவ்வெவற்றை முன்னரே முடிவு செய்ய வேண்டும் என்பது எடுத்துக்காட்டாக விளக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: உள்ளடக்கத் திட்டமிடல், பாயிரம், மீத்தரவு, ஊர் ஆவணம், பாகூர், சோரியாங்குப்பம், தென்பெண்ணை.

1. முன்னுரை

நூலுக்கு முகமாக அமைவது பாயிரம். நூல் எத்துணைச் சிறப்புடையதாயினும் பாயிரம் இன்றேல் அது நூலாகாது என்பது தமிழ் இலக்கண மரபின் துணிபு. இணையத்தளங்களை உருவாக்குவோர் இன்று இம்மரபுக்கு மாறான வழியில் செல்வதைக் காண்கிறோம். முகப்புப் படம், வண்ணம், பட்டிகள் ஆகியவை முதலில் முடிவாகின்றன. ‘வரலாறு’, ‘கோயில்கள்’, ‘விழாக்கள்’, ‘தொடர்புக்கு’ என்னும் தலைப்புகள் வரிசையாக இடப்படுகின்றன. அத்தலைப்புகளின் கீழ் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, அதை எழுதுவோர் யார், சரிபார்ப்போர் யார் என்னும் வினாக்கள் இறுதியில்தான் எழுகின்றன. அதற்குள் காலமும் பொருளும் செலவாகிவிடுவதால், பிற தளங்களில் கிடைக்கும் செய்திகளைப் படியெடுத்து இடைவெளிகளை நிரப்புவது வழக்கமாகிறது.

பெருநகரம் ஒன்றைப் பற்றிய தளத்தில் இக்குறை நேர்ந்தால் பிற தளங்கள் அதனை ஈடுசெய்யும். சிற்றூரின் நிலை வேறு. அவ்வூரைப் பற்றி இணையத்தில் ஒரே தளம் இருக்குமாயின், அதில் உள்ள பிழையே அவ்வூரின் வரலாறாக நிலைபெறும். தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அப்பிழையை எடுத்தாளும். பின்னர் ஆய்வேடுகளிலும் அது இடம்பெறும். எனவே சிறிய ஊருக்கே திட்டமிடல் மிகுதியாகத் தேவைப்படுகிறது. இந்நோக்கில் சோரியாங்குப்பம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

2. முன்னோடித் திட்டங்கள் காட்டும் வழி

தமிழில் நிலைபெற்ற இணையத் திட்டங்கள் எவ்வாறு தொடங்கின என்பதை நோக்கினால், அவை உள்ளடக்கம் பற்றிய முடிவுகளையே முதலில் எடுத்தமை புலப்படும்.

மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு வழங்கினர். தமிழுக்கான எழுத்துருக் குறியீடுகள் ஒருமைப்படாத காலம் அது. தொடக்கக் கோப்புகள் வெவ்வேறு குறியேற்றங்களில் அமைந்தன. பின்னர்த் திஸ்கி முறைக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. தொழில்நுட்பம் இவ்வாறு பலமுறை மாறியபோதும் நூல்கள் அழியவில்லை. எதனை ஏற்றுவது, எந்த அலகாக ஏற்றுவது, தட்டச்சிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பவற்றைக் குறிக்கும் ஒழுங்கு முன்னரே அமைந்திருந்தது. உள்ளடக்கம் தோற்றத்திலிருந்து தனித்து நின்றமையால் அது ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு எளிதில் மாறியது.

2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன் எல்லையை இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எழுத்தாவணங்கள் என வரையறுத்துக்கொண்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நிகழ்வு அச்சமூகத்தின் நினைவில் ஆழப் பதிந்திருந்தமையை நோக்க, இவ்வரையறையின் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை. ஒவ்வோர் ஆவணத்திற்கும் தனியெண் வழங்கப்பட்டமையால், தளத்தின் தோற்றம் மாறினும் ஆவணத்தைச் சுட்டுவதில் இடர்ப்பாடு எழுவதில்லை. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்பெற்றது. அது கற்போரின் நிலைகளை முதலில் வகுத்துக்கொண்டு, அவற்றிற்கேற்பப் பாடங்களை அமைத்தது.

இம்மூன்றும் அளவிலும் நோக்கிலும் வேறுபட்டவை. எனினும் முதலாவது மூலத்தையும் அலகையும், இரண்டாவது எல்லையையும் காரணத்தையும், மூன்றாவது கேட்போரையும் முன்னரே தீர்மானித்தமை இங்குக் கருதத்தக்கது. இவை அனைத்தும் பாயிரத்தின் பொருள்கள்.

3. பாயிரக் கூறுகளும் மீத்தரவும்

பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப்பாயிரத்திற்கு எட்டுப் பொருள்களைக் கூறுகிறார். நூலின் பெயர், அதனை ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் எனவும் அவர் குறிக்கிறார்.

இணைய ஆவணங்களை விவரிக்க உலகளவில் பயன்படும் மீத்தரவுச் சட்டகங்களுள் ஒன்று டப்ளின் கோர். 1995-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நடைபெற்ற பட்டறையில் கருக்கொண்ட இச்சட்டகம் பதினைந்து அடிப்படைக் கூறுகளை உடையது. தலைப்பு, உருவாக்கியவர், பொருள், மூலம், நாள் ஆகியவை முறையே நூற்பெயர், ஆக்கியோன், நுதலிய பொருள், வழி, காலம் ஆகியவற்றோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. எல்லை என்பதை, இடம் கால அளவைக் குறிக்கும் கூறோடு ஓரளவே ஒப்பிடலாம். பாயிரம் கூறும் எல்லை நூல் வழங்கும் நிலத்தைக் குறிப்பது, மீத்தரவு கூறுவதோ ஆவணம் பேசும் நிலத்தைக் குறிப்பது.

ஒப்புமையைவிட வேறுபாடே இங்குச் சிறப்பானது. உரிமை, அடையாள எண், மொழி, கோப்பு வடிவம் ஆகியவை பாயிரத்தில் இல்லை; இணையத்திற்கு அவை இன்றியமையாதவை. மறுதலையாக, கேட்போர், பயன், களன், காரணம் ஆகிய நான்கிற்கும் அப்பதினைந்து கூறுகளுள் நேரான இடம் இல்லை. கேட்போரைக் குறிக்கும் கூறு பின்னர் விரிவாக்கப்பட்ட தொகுதியிலேயே சேர்க்கப்பட்டது. இதற்குக் காரணம் உண்டு. மீத்தரவு, ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆவணத்தை விவரிக்கிறது. பாயிரமோ, இந்நூல் ஏன், எவர்க்காக, எந்த அவையின் முன் தோன்றியது என்பதையும் கூறுகிறது. அதனால் பாயிரக் கூறுகளை ஆவணத்திற்கு முன்னரே எழுப்பும் வினாக்களாக மாற்றிக்கொள்ள இயலும். திட்டமிடலுக்குப் பாயிரமும், பதிவுக்கு மீத்தரவும் எனக் கொள்வது பொருந்தும்.

யாப்பு என்னும் கூறும் இங்குப் பயன்படுகிறது. நூலை யாக்கும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நன்னூல் நான்காக வகுக்கிறது. தளத்தின் ஒவ்வொரு பக்கமும் இந்நான்கனுள் எதன்பாற்படும் என்பதை முன்னரே குறித்துக்கொண்டால், ஒரே செய்தி பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவதைத் தவிர்க்கலாம்.

4. சோரியாங்குப்பம்: பொருள்நிரல்

திட்டமிடலின் முதற்படி, கையில் உள்ளவற்றையும் கிடைக்கத்தக்கவற்றையும் நிரல்படுத்துவது. சோரியாங்குப்பம் புதுச்சேரிப் பகுதியின் தென்பால், தென்பெண்ணையாற்றை ஒட்டி அமைந்த ஊர். இவ்வூருக்குரிய பொருள்களைப் பெயர், நீர், எழுத்தாவணம், வாய்மொழி என நான்காக வகுத்து நோக்கலாம்.

4.1 பெயர்

ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுவதில் ஐயமில்லை. உரோமன் எழுத்தில் எழுதும்போது மூன்று இடங்களில் வேறுபாடு எழுகிறது. முதலிலுள்ள சகர ஒலியை இருவகையில் எழுதலாம். யகரத்தை எழுதலாம், விடலாம். ஙகர மெய்யை ஓரெழுத்தாலோ ஈரெழுத்தாலோ குறிக்கலாம். ஆகவே எட்டு வடிவங்கள் தோன்ற இடமுண்டு. மேலும், உரோமன் எழுத்தில் ஒகர ஓகார வேறுபாடு பொதுவாகக் காட்டப்படுவதில்லை. அவ்வடிவிலிருந்து மீண்டும் தமிழுக்கு மாற்றுவோர் முதலெழுத்தைக் குறிலாக எழுதிவிடக்கூடும். நிலவரைபடம், அரசு ஆவணம், செய்தித்தாள் ஆகியவற்றில் வெவ்வேறு வடிவங்கள் இடம்பெறின், ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றவை கிட்டா. அருகிலுள்ள அரியாங்குப்பம் ஒரு கொம்யூனின் தலைமையிடம். பெயர் ஒலிப்பில் நெருங்கிய ஊர். எழுத்துணரி வழியாகப் பழைய அச்சுப் பக்கங்களை மாற்றும்போது இவ்விரண்டும் மயங்கலாம். தளத்தின் முதற்பக்கம் எழுதப்படுமுன் பெயர் வடிவப் பட்டியல் ஒன்று அமைய வேண்டும் என்பது இதனால் பெறப்படும். பாகூருக்கும் இது பொருந்தும். கல்வெட்டுகளிலும் செப்பேட்டிலும் அவ்வூர் ‘வாகூர்’ என வழங்கப்படுகிறது.

பெயர்க்காரணம் கூறுவதில் எச்சரிக்கை தேவை. ‘சோரி’ என்னும் சொல்லுக்குக் குருதி என்னும் பொருள் உண்டு. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே 1752-இல் பாகூர்ப் போர் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் இணைத்துக் குருதி சிந்திய ஊர் எனக் கதை புனைவது எளிது. படிப்போரையும் அது கவரும். சான்று இல்லாதவிடத்து அக்கதையை ஏற்றுதல் ஊருக்குப் பொய்யான வரலாற்றைத் தேடித் தருவதாகும். ‘வழி’ என்னும் பாயிரக் கூறு இங்கு வாயிற்காவலாக நிற்கிறது; மூலம் குறிக்க இயலாத செய்திக்குத் தளத்தில் இடமில்லை என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

4.2 நீர்

கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, தமிழ்நாட்டின் வழியாக வந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை இவ்வாற்றின் மீது அமைந்துள்ளது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொணர்கிறது. ஊசுட்டேரிக்கு அடுத்த நிலையில் புதுச்சேரிப் பகுதியின் பேரேரியாகக் கருதப்படுவது பாகூர் ஏரி. ஆகவே இவ்வட்டாரத்தின் வேளாண்மை பற்றி எழுதுவோர் கொம்யூன் எல்லையோடு நின்றுவிட இயலாது.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை பெய்தது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. உள்ளூர் மழை ஓய்ந்த பின்னும் ஆற்றுநீர் பெருகும் என்பது இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை. நீர் எந்தத் தெருவரை வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்னும் செய்திகள் ஊராரின் நினைவிலும் கைப்பேசிப் படங்களிலும் உள்ளன. கைப்பேசி மாறும்போது படங்கள் அழியும். காலம் செல்லச் செல்ல நினைவும் மங்கும். அடுத்த வெள்ளத்தின்போது மேட்டுநிலத்தை அறிய உதவும் இச்சான்றுகளைத் தேதி, இடம், எடுத்தவர் ஒப்புதல் ஆகியவற்றோடு தொகுப்பதே தளத்தின் முதற்பணியாகத் தக்கது. ‘காரணம்’, ‘பயன்’ என்னும் இரண்டு கூறுகளையும் ஒருங்கே நிறைவு செய்வது இப்பகுதி.

4.3 எழுத்தாவணம்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த பாகூர்ச் செப்பேடுகள் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. வாகூரில் இருந்த வித்தியாத்தானம் எனப்பட்ட கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியை அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. கொடையூர்களின் எல்லைகள் தமிழ்ப் பகுதியில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனாகிய கன்னரதேவன் காலத்தனவும் உள்ளன. பாகூர் சு. குப்புசாமி தொகுத்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளை, கோ. விசயவேணுகோபால் பதிப்பில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியும் இரு பகுதிகளாக வெளியிட்டுள்ளன.

இவ்வளவு செல்வமும் பாகூருக்கு உரியது. சோரியாங்குப்பத்திற்கு நேரே உரியது அன்று. அண்டையூரின் பெருமையை எடுத்துத் தன்னூர்ப் பக்கத்தை நிரப்புவது சிற்றூர்த் தளங்களில் காணப்படும் பொதுக்குறை. நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் ‘மற்றொன்று விரித்தல்’ என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டு. பாகூர் பற்றிய செய்திகளைச் சுருக்கித் தந்து, பதிப்பிக்கப்பட்ட கல்வெட்டுத் தொகுதிக்கு வழிகாட்டுவதே போதும். அப்பக்கத்தின் யாப்பு தொகுத்தல். வெள்ளச் சான்றுகளின் பக்கமோ வேறெங்கும் கிடைக்காதது. அதன் யாப்பு விரித்தல்.

பிரெஞ்சு ஆட்சிக்காலத்து ஆவணங்கள் தனிக் கவனத்திற்குரியவை. புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. அதற்கு முற்பட்ட பதிவுகள் பல பிரெஞ்சு மொழியில் அமைந்தவை. அவற்றைத் தளத்தில் இடுவதாயின் ‘மொழிபெயர்ப்பு’ என்னும் யாப்புக்குரிய ஆளும் பொருளும் தேவை. காலக்குறிப்பிலும் நுட்பம் வேண்டும். பிரான்சு அக்காலத்தில் புதிய நாட்காட்டியைப் பின்பற்றியது. இங்கிலாந்து 1752 செப்டம்பரில்தான் அதற்கு மாறியது. இரண்டிற்கும் 11 நாள் வேறுபாடு உண்டு. அதனால் அவ்வாண்டு நடந்த பாகூர்ப் போரை ஆங்கில மூலத்திலிருந்து எடுப்போரும் பிரெஞ்சு மூலத்திலிருந்து எடுப்போரும் வெவ்வேறு நாளைக் குறிக்க நேரும். எந்த நாட்காட்டி என்பதைக் குறிக்கும் விதி திட்டத்தில் இல்லையெனில், ஒரே தளம் ‘மாறுகொளக் கூறல்’ என்னும் குற்றத்திற்கு ஆளாகும்.

4.4 வாய்மொழி

தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா நடைபெறும். பல ஊர்க் கோயில்களின் தெய்வத் திருமேனிகள் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது இவ்விழாவின் சிறப்பு. பங்காரு வாய்க்காலின் பெயரோடு இணைத்துச் சிங்காரி, பங்காரி என்னும் ஆடல்மகளிர் இருவரின் கதையும் இவ்வட்டாரத்தில் வழங்குகிறது. இவற்றை வரலாற்றுச் செய்தியாக எழுதாமல் வழக்காறாகவே பதிய வேண்டும். கூறியவர் விரும்பினால் அவர் பெயர், அகவை, பதிவு செய்த நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து, பேச்சை அவர் கூறிய வட்டார வழக்கிலேயே எழுத்துப்பெயர்த்தல் நன்று. ஒலிப்பதிவு ஒரு மணி நேரம் எனின், அதனை எழுத்துப்பெயர்க்கப் பன்மடங்கு நேரம் ஆகும். எத்தனை பேரிடம் பதிவு செய்யலாம் என்பதை இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

5. விடுவன

எவற்றை ஏற்றுவது என்பதைப் போன்றே எவற்றை விடுவது என்பதும் திட்டத்தின் பகுதி. மூன்று வகையானவற்றை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, தனிமனிதச் செய்திகள். பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமணப் பதிவுகள் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குடியுரிமை சார்ந்த முக்கியத்துவம் உடையவை. பழமையானவை என்பதனாலேயே அவற்றைப் பொதுவெளியில் இடுதல் முறையாகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இயற்றப்பட்டுள்ள சூழலில், வெள்ளப் படங்களில் இடம்பெறும் முகங்கள், வீட்டு எண்கள் ஆகியவை குறித்தும் ஒப்புதல் விதி வகுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, உரிமையுள்ள படைப்புகள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இலக்கியப் படைப்பின் உரிமை, ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒளிப்படங்களுக்கும் இதே கால அளவு பொருந்தும். ஊர்பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை அப்படியே படியெடுத்து இடாமல், நாளும் தலைப்பும் குறித்துப் பட்டியலிடுவது தக்க மாற்று.

மூன்றாவது, பிறர் சிறப்பாகப் பேணும் செய்திகள். பேருந்து நேரம், வானிலை, அரசுத் திட்டப் படிவம் போன்றவை அடிக்கடி மாறுவன. அவற்றைப் புதுப்பிக்க ஆளின்றித் தளத்தில் இட்டால், பழைய செய்தியை நம்பி ஒருவர் அலைய நேரிடும்.

6. கேட்போர்

ஊர்த் தளத்திற்குக் குறைந்தது மூவகைக் கேட்போர் உளர்: ஊரில் வாழ்வோர், வெளியூரிலும் பிரான்சு முதலிய நாடுகளிலும் வாழும் ஊர்த் தொடர்புடையோர், ஆய்வாளர். இவர்களின் தேவை ஒன்றல்ல. முதல்வகையினர் பெரும்பாலும் கைப்பேசியில், குறுகிய நேரத்தில், தமிழில் படிப்பர். அவர்க்கு வெள்ளக்கால மேட்டிடம் முதன்மையானது. இரண்டாம் வகையினருள் இளந்தலைமுறையினர் தமிழ் எழுத்தறியாதவராக இருக்கக்கூடும். பெயர் வடிவப் பட்டியலும் ஒலிப்பதிவும் அவர்க்கு வாயிலாகும். ஆய்வாளருக்கோ மூலக்குறிப்பும் நிலையான முகவரியும் வேண்டும். இன்று மேற்கோளாகக் காட்டும் பக்கம், ஆய்வேட்டை மதிப்பிடும் நாளிலும் அதே இடத்தில் இருத்தல் வேண்டும்.

மூவரையும் ஒரே பக்கத்தில் நிறைவு செய்ய முயல்வது ‘மயங்க வைத்தல்’ ஆகும். சுருக்கம் முதலிலும், விரிவு அடுத்தும், மூலக்குறிப்பு இறுதியிலும் அமையும் பொதுக்கட்டமைப்பை ஒவ்வொரு பக்கத்திற்கும் வகுத்துக்கொண்டால், அவரவர் தமக்கு வேண்டிய அளவில் நின்றுகொள்ள இயலும்.

7. சென்று தேய்ந்து இறுதல்

நூற்குற்றங்களுள் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பது, எழுச்சியோடு தொடங்கிய நூல் போகப் போகச் சுருங்கி முடிதலைக் குறிக்கும். இணையத்தளங்களின் இயல்பை இதனினும் செறிவாகக் கூற இயலாது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு, பத்தாண்டு கழித்து 2023-இல் அணுக முடியாதனவாகிவிட்டன என அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 2009-இல் ஜியோசிட்டீஸ் சேவை அமெரிக்காவில் மூடப்பட்டபோது, தனிமனிதர் உருவாக்கிய எண்ணிறந்த பக்கங்கள் ஒருங்கே மறைந்தன. தன்னார்வலர் முயன்று காத்தவையே எஞ்சின.

சிற்றூர்த் தளத்திற்கு இவ்வாபத்து இருமடங்கு. புதுச்சேரியில் 1968-க்குப் பின் 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வமைப்புகளின் பதவிக்காலம் 2011-இல் முடிவுற்றபின் கொம்யூன் பஞ்சாயத்துகள் நீண்ட காலம் அலுவலர் பொறுப்பில் இயங்கின. அலுவலர் மாறுவர், ஆசிரியர் இடம்பெயர்வர், ஆர்வமிக்க இளைஞர் வேலை தேடி வெளியூர் செல்வர். தளத்தைப் பற்றிய அறிவு ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால் அவரோடு அதுவும் போய்விடும். எழுதப்பட்ட உள்ளடக்கத் திட்டம், அடுத்து வருபவர் கையில் கொடுக்கத்தக்க பொறுப்பேடாக அமைகிறது. இதுவே திட்டமிடலின் தலையாய பயன் எனலாம்.

இதன்பொருட்டு ஒவ்வொரு பக்கத்திற்கும் நான்கு செய்திகள் திட்டத்தில் குறிக்கப்பட வேண்டும்: பொறுப்பாளர், மறுபார்வை நாள், மூலக்கோப்பு இருக்குமிடம், பக்கம் ஓய்வு பெறும் சூழல். கோயில் வரலாறு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபார்வை பெற்றால் போதும். வெள்ளக்கால இடங்களைப் பற்றிய பக்கம் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே சரிபார்க்கப்பட வேண்டும். ஆள்வலிமைக்கேற்ப அளவைக் குறைத்துக்கொள்வதும் திட்டமே. பேணத்தக்க பன்னிரண்டு பக்கங்கள், பேணப்படாத நூறு பக்கங்களினும் மேலானவை. உரையை ஒருங்குறியில் எளிய கோப்பாகவும், படங்களை மூல அளவிலும் தளத்திற்கு வெளியே ஈரிடங்களில் சேமிப்பது, மதுரைத் திட்டம் காட்டிய பாடத்தின் நீட்சியாகும்.

8. களனும் அரங்கேற்றமும்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. அவையின் தடைவினாக்களுக்கு விடை கூறிய பின்னரே நூல் உலகிற் செல்லும் என்பது மரபு. ஊர்த் தளத்திற்குரிய அவை அவ்வூரே. பக்கங்கள் வெளியிடப்படுமுன் அச்சிட்ட படிகளைக் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ வைத்துப் படித்துக்காட்டலாம். எழுத்தறியாத முதியோரும் அப்போது திருத்தம் கூற இயலும். எந்தத் தெருவின் பெயர் விடுபட்டது, எந்தச் சமூகத்தாரின் வழிபாட்டிடம் குறிக்கப்படவில்லை என்பதை அவர்களே அறிவர். ஊரின் ஒரு பகுதியார் மட்டும் எழுதிய வரலாறு முழு ஊரின் வரலாறாக வெளிவருவதைத் தடுக்கும் வழி இதுவே. சேரியும் ஊரும் தனித்தனியே அமைந்த நிலப்பரப்பில் இதனை முறைமையாகவே வகுத்துக்கொள்ள வேண்டும். இரு பகுதிகளிலும் அரங்கேற்றம் நிகழ்தல் நன்று. ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தால் இரண்டையும் மூலத்தோடு பதிவதே ஆய்வு நெறி.

9. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• தமிழில் நிலைபெற்ற இணையத் திட்டங்கள், தோற்றத்தைவிட அலகு, மூலம், எல்லை, கேட்போர் ஆகியவற்றை முன்னரே தீர்மானித்தவை.

• சிறப்புப்பாயிரத்தின் பதினொரு கூறுகள் உள்ளடக்கத் திட்டமிடலுக்குரிய வினாநிரலாகப் பயன்படத்தக்கவை. உரிமை, அடையாள எண், மொழி, கோப்பு வடிவம் ஆகியவற்றை மீத்தரவுச் சட்டகத்திலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

• சோரியாங்குப்பம் போன்ற சிற்றூருக்கு, வேறெங்கும் கிடைக்காத வெள்ளச் சான்றுகளும் வாய்மொழி வழக்காறுகளும் முதலிடம் பெறத் தக்கவை. அண்டைப் பேரூரின் வரலாறு சுருக்கமாகவே இடம்பெற வேண்டும்.

• ஊர்ப்பெயர் வடிவங்களின் பட்டியல், நாட்காட்டி விதி, ஒப்புதல் விதி ஆகிய மூன்றும் முதற்பக்கம் எழுதப்படுமுன் அமைய வேண்டும்.

• எழுதப்பட்ட திட்டமே தளத்தை ஒருவர் ஆர்வத்திலிருந்து விடுவித்து ஊரின் பொதுவுடைமையாக்குகிறது.

தமிழ்த்துறைகளில் இணையத்தமிழ் பாடமாகப் பயிற்றப்படும் இந்நாளில், மாணவர்தம் செய்முறைப் பணியாகத் தளம் அமைக்கக் கூறுவதற்கு மாற்றாக, தம் ஊருக்கான பாயிரம் ஒன்றை முதலில் எழுதப் பணிக்கலாம். பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களின் ஊர்களில் பயிலும் மாணவர் இப்பணியை மேற்கொண்டால், ஒரே பருவத்தில் பல ஊர்களின் பொருள்நிரல்கள் கிடைக்கும். அவற்றுள் எவை தளமாகத் தக்கவை என்பதை அந்நிரல்களே காட்டும். எனினும் வெள்ளநீரின் அளவை நினைவில் வைத்திருக்கும் முதியோரிடம் கேட்டெழுதும் பணி, பருவ அட்டவணைக்குக் காத்திராமல் இன்றே தொடங்கத்தக்கது.